இறுதி ஆட்டத்துப் பந்து

கதவைத் திறந்த மார்லா ஒரு கையால்தான் அணைத்தாள்.

கோச் கிம்ப்ரோவுக்குச் சுருக்கென்றது. பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிய நாளில் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத பெண் இவள். இன்று யாரோ தெரிந்தவரை வரவேற்பது போல இடது கையை முதுகில் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

கோபம் இருக்கும், இருக்கட்டும் என்று கோச் நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. அப்போது சீசன் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு போன் போட்டு ஒரு வார்த்தை விசாரித்ததும் இல்லை. ஜெயித்துக் கொடுத்தவர்களை மறப்பதில் கோச்சுகளை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது வந்திருப்பதும் மார்லாவுக்காக இல்லை, அவள் மகள் ஹேட்டிக்காக. சாஃப்ட்பாலில் அம்மாவைவிட வேகமாகப் பந்து வீசுகிறாள் என்று கேன்சஸ் வரை பேச்சு. அவளைத் தங்கள் அணிக்கு இழுக்க நாலைந்து கல்லூரிகள் ஏற்கெனவே இந்த வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தன.

கோச்சுக்குத் தன் கல்லூரி அணிக்கு இந்தப் பெண் வேண்டும். கல்லூரி மைதானத்துக்கே கோச்சின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவள் அணி ஓக்லஹோமா சிட்டியில் தேசியப் போட்டி ஆடி மூன்று வருஷமாகிறது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் கேக் வெட்டி, கை தட்டி அனுப்பிவைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவளுக்குத் தெரியாது. சாஃப்ட்பாலைத் தவிர வேறு எதையும் அவள் சேர்த்து வைத்திருக்கவில்லை.

மார்லாவின் முடி காதோடு வெட்டப்பட்டிருந்தது.

"அவ்வளவு நீளப் பின்னலை எங்கடி தொலைச்சே? அதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும்!"

"வச்சுக்க முடியல கோச்."

மார்லா பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட பலகாரத்தை வெட்டிவைத்தாள். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரை ஒவ்வொரு கோப்பையாகக் கொண்டுவந்தாள். தட்டில் வைத்து மொத்தமாக எடுத்துவந்தால் என்னவாம் என்று கோச் நினைத்தாள்.

ஹேட்டி இரட்டைப் பின்னலோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். தினமும் அப்பாதான் பின்னிவிடுவாராம். அந்த அப்பா பின்கட்டுக் கொட்டகையில் டிராக்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். வந்த விருந்தாளியிடம் ஒரு ஹலோ சொல்லவில்லை.

கோச் தன் கடையை விரித்தாள். படிப்பு முழுக்க இலவசம், புது மைதானம், தனி உடற்பயிற்சிக் கூடம். பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்லா மட்டும் குறுக்கே வந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி கோச். ஆட்டங்களுக்கு நடுவில இவளுக்கு ஓய்வு கொடுப்பீங்களா?"

எல்லா வீட்டிலும் வருகிற கேள்விதான். கோச்சிடம் பதில் தயாராக இருந்தது.

"இது என்ன பேஸ்பாலா, தலைக்கு மேல தூக்கி எறிய? கையைச் சுத்திக் கீழேர்ந்து வீசுறதுடி. உடம்புக்கு ஏத்த வீச்சு. தோளுக்கு ஒண்ணுமே ஆகாது." ஹேட்டியின் பக்கம் திரும்பினாள். "உங்கம்மாவையே பாரேன். நாங்க கோப்பை ஜெயிச்ச வருஷம் ஒரு ஆட்டம் விடாம இவதான் வீசினா. கடைசி நாள்ல ரெண்டு ஆட்டம். என்ன ஆயிடுச்சு இவளுக்கு? கல்லு மாதிரி நிக்கிறா!"

கோச் மனதாரத்தான் சொன்னாள். அவள் காலத்துக் கோச்சுகள் எல்லாரும் நம்பியது அது. அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் மார்லா தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ஐஸ் வைத்துக் கட்டி உள்ளே அனுப்பியதும்கூட அவளுக்கு நினைவிருந்தது. எத்தனையோ விருந்துகளில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஹேட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று கோச்சுக்குத் தெரிந்தது.

மார்லா தன் தேநீர்க் கோப்பையை இடது கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு கோச்சின் முதுகுக்குப் பின்னால், கணப்படுப்புக்கு மேலே இருந்த பலகைத் தட்டை முகவாயால் காட்டினாள்.

"அது மேல ஒரு பந்து இருக்கு கோச், அந்த இறுதி ஆட்டத்துப் பந்து. இவகிட்ட எடுத்துக் கொடுங்களேன். இந்தக் கையில தேநீர் இருக்கு, அந்தக் கைக்கு எட்டாது."

கோச்சுக்குச் சிரிப்பு வந்தது. அணியில் மார்லாவுக்குக் கொக்கு என்று பெயர். பக்கத்தில் நின்றால் கோச் அவள் தோளுக்குத்தான் வருவாள்.

"கொக்குக்கே எட்டலைன்னா எனக்கு எங்கேடி எட்டும்?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். எக்கி எடுக்கத் தயாராகக் குதிகாலைத் தூக்கினாள்.

எக்க வேண்டியிருக்கவில்லை.

பந்து அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. மஞ்சள் வெளுத்து, அணியின் கையெழுத்துகள் மங்கிப்போயிருந்தன. அவளுடைய கையெழுத்தும் அதில் இருந்தது.

குதிகால் மெல்லக் கீழே இறங்கியது. வாசலில் முதுகைத் தொட்ட அந்த ஒற்றைக் கை நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கிப் பின்ன முடியாமல் வெட்டிப்போட்ட பின்னல் நினைவுக்கு வந்தது. தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று இதே போல எத்தனை வீட்டில், எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பந்தைக் கையில் எடுத்தாள். திரும்பி மார்லாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இங்கே போடுங்க கோச்!"

ஹேட்டி சோபாவிலிருந்து துள்ளி எழுந்து வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றாள்.

கோச் பந்தைப் போடவில்லை.