மரங்கொத்தியின் காலைச் செய்தி

ஆற்றங்கரையில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தில் தினமும் காலையில் காட்டுச் செய்தியைக் கொத்தி வைப்பது செம்பி என்ற மரங்கொத்தியின் வேலை. எளிய பிராணிகளுக்கு நடந்த அநியாயம் எதையும் அவள் விட்டுவைத்ததில்லை.

புலிராஜா ஆற்றை மறித்ததைத் தட்டிக்கேட்ட மூன்று நீர்நாய்களை முந்தாநாள் முதல் காணவில்லை. அந்தச் செய்தியைக் கொத்தப் போன அவளோடு செய்தி கொத்தும் தோழன் கருவனையும் நேற்றிலிருந்து காணவில்லை.

விடிந்ததும் புலிராஜாவின் ஆளான நரி வந்தது. “நாலு பேரும் தாங்களாவே காட்டை விட்டுப் போயிட்டாங்கன்னு எழுதும்மா. உனக்கும் குஞ்சுங்க இருக்கு, பாரு” என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனது.

செம்பி மரத்தில் போய் உட்கார்ந்தாள். நரி சொன்னபடியே முதல் வார்த்தையைக் கொத்தியும்விட்டாள். அப்புறம் கருவனின் முகம் நினைவுக்கு வந்தது. கொத்திய வார்த்தையைச் சிதைத்துவிட்டு, நால்வரின் பெயரையும் கொத்தி, ‘புலிராஜாவே, இவர்கள் எங்கே?’ என்று முடித்தாள்.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“என்னக்கா, இன்னைக்குச் செய்திக்கு இவ்வளவு நேரமா?” என்றது முயல். அதன் பின்னால் மான்களும் கழுதைகளும் நின்றன. எல்லோரும் வாசித்தார்கள். வாசித்து முடித்த பிறகும் அவளைத் தனியே விட்டுவிட்டு ஒருவரும் நகரவில்லை.