பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே

இன்னொரு வேல்படையை வாங்கினார். கஜானா மூன்று காசுக்கு இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் விசைப்பலகை படபடவென்று தட்டப்படுவது கேட்டது. அப்புறம்தான் அவருடைய திரையில் எழுத்து வந்தது.

"ப்ரோ, லூசா நீ? இருக்கறது ஒரே ஊரு. அதுக்கு எதுக்கு இத்தன படை? சம்பளம் உங்கப்பனா குடுப்பான்?"

அவருக்குச் சிரிப்பு முட்டியது. கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டார்.

வெளியே மழை. கூடத்தில் பகலிலும் தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற வெளிச்சம். திரையில் பச்சை நிலம், சுற்றிலும் வெள்ளை மூடுபனி. நடுவே ஒரு நதி. இந்தக் கரையில் அவருடைய ஊர், அந்தக் கரையில் மகளுடைய ஊர். அவளுடைய கூரைகளிலிருந்து மெல்லப் புகை எழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால், உண்மையில் குடியிருப்பது அங்கேதான் என்று தோன்றிவிடும்.

இந்த வீட்டில் மகள் அவரோடு பேசி மாதக்கணக்காகிறது. தப்பு அவருடையது. அவள் முதல் வேலையில் சேர்ந்த வாரமே அந்த அலுவலகத்துக்குப் போய், மேலாளரிடம் "பொண்ணைப் பத்திரமா பாத்துக்குங்க சார்" என்று கைகூப்பிவிட்டு வந்தார். மொத்த அலுவலகமும் சிரித்தது. அவள் வேலையை விட்டாள். அறைக் கதவைச் சாத்தினாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் உள்ளே போகும், வெளியே வரும்.

அவள் பொழுது முழுக்க இந்த விளையாட்டில்தான் கழிகிறது என்று தங்கை மகன் சொன்னான். 'குதிரைக்காரன்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு இவரும் அவளுக்குக் கூட்டாளியாக உள்ளே நுழைந்தார்.

விளையாட்டின் சூட்சுமம் சீக்கிரமே பிடிபட்டது. ஆரம்பத்தில் ஊருக்கு வருமானம் சொற்பம். இருவரும் மாறி மாறி ஆட, ஒவ்வொரு படையும் முறைக்கு முறை சம்பளம் தின்னும். விவரமானவர்கள் முதலில் பாதை போட்டு, வண்டி விட்டு, வியாபாரத்தைப் பெருக்குவார்கள். படையெல்லாம் பிறகு. கஜானா பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஊர் கைமாறிவிடும். ஆட்டம் முடிந்தது.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டுகளை எதிர்எடை கட்டி அந்தரத்தில் நிறுத்திய மெக்கானிக் அவர். இந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒருநாள் ஒழுங்காக ஆடியும் பார்த்தார். காசு குவிந்தது. "சூப்பர் ப்ரோ" என்றாள். அன்று முழுக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நன்றாக ஆடுகிறவனிடம் சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாளே ஒரு வேல்படையை வாங்கினார். திட்டு மழையாகக் கொட்டியது.

அதிலிருந்து கஜானாவைப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலேயே மிதக்கவிட்டார். ஏறினால் அவள் பேசமாட்டாள். இறங்கினால் ஆட்டமே இருக்காது.

இன்று மூடுபனிக்குள்ளிருந்து கொள்ளையர்கள் வந்தார்கள். நதியோரம் போன அவருடைய ஒரே வண்டியை வளைத்துக்கொண்டார்கள். வருமானம் சிவப்பாக மாறியது. படையைக் கலைக்கலாம் என்றால், அவருடைய முறையை முடித்தாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது ஊர் இருக்காது.

புதிதாக வேறு ஆட்டத்துக்கு அவள் இந்த உதவாக்கரையைக் கூப்பிடுவாளா?

திரையில் ஓர் ஓலை விரிந்தது. நதிக்கு அப்பாலிருந்து வியாபாரப் பேச்சு. அவருடைய குதிரைகள் வேண்டுமாம். முறைக்கு ஐந்து காசு தருகிறாளாம்.

அவளுடைய ஊரைச் சுற்றிக் குதிரைகள் மந்தை மந்தையாக மேய்வதை அவர் பார்த்திருக்கிறார். பாவம், இந்த இடத்தில் கணக்கைக் கோட்டைவிட்டுவிட்டாள் என்று நினைத்தபடி அவசரமாகச் சம்மதத்தை அழுத்தினார். சிவப்பு மறைந்தது.

சத்தம் கேட்டுவிடாமல், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு "ரொம்ப தேங்க்ஸ் ப்ரோ" என்று அனுப்பினார்.

மழை மட்டும் பெய்தது.

பிறகு விசைகள் தட்டப்பட்டன. இந்த முறை நிதானமாக.

"அடுப்புல பால் தீயுது. போய் அணைச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் என் டர்ன முடிக்காம வெச்சிருக்கேன்."