சூசை பார்த்த வெளிச்சம்

தூத்துக்குடி தரைநிலையத்தில் பிளாரன்ஸ் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்ட சின்னச் செயற்கைக்கோளுக்கு அன்று கடைசி நாள். ஆயுள் முடிந்த செயற்கைக்கோள்கள் விண்வெளியில் குப்பையாகச் சுற்றாமல், நாம் சொல்லும் இடத்தில் எரிந்து போக முடியும் என்று காட்டத்தான் அதை அனுப்பியிருந்தார்கள். கடலுக்கு மேலே எந்த இடமானாலும் சரி என்று அவளிடமே விட்டுவிட்டார்கள். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்த கணவர் சூசை அன்று எந்தக் கடலில் இருப்பாரோ, அந்தக் கடலையே அவள் தேர்ந்தெடுத்தாள்.

மாலையில் சிக்னல் நின்றது. சொன்ன இடத்தில் எரிந்ததா, தடுமாறி வேறெங்கோ போய்விட்டதா என்று திரையில் தெரியவில்லை. அறையில் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சூசையின் அழைப்பு வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன் பிளாரி. நீ சொன்ன நேரம், நீ சொன்ன திசை. சப்பாத்தி மாவுக் கையோட மேல ஓடுனேன். வானத்துல அப்படி ஒரு கோடு.”

அறையே கைதட்டியது. அது தெரியாமல் சூசை பேசிக்கொண்டே போனார்.

“எரிகல்லுன்னு கேப்டன் எல்லாருக்கும் காட்டுனாரு. இல்ல சார், அது எம்பொஞ்சாதி கொளுத்துனதுன்னு சொல்லிட்டேன்.”