வாய்க்குள் போவதெல்லாம்

"இதோ இருக்கு, என் புருஷனுக்கு வச்ச விஷம்."

அவள் பாட்டிலை மேசையில் வைத்த வேகத்தில் மருந்தாளுநர் அம்மாளின் பேனா உருண்டு கீழே விழுந்தது. லேபிள் இல்லாத பழைய பாட்டில். உள்ளே மண் நிறத்தில் ஒரு பொடி. அதன் மூடியைத் திறக்கக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குற்றவாளி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாத்தனார். தம்பிக்குப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு, ஒத்தாசைக்கு என்று பெட்டியோடு வந்து இறங்கியவள். உள்ளே நுழைந்ததும் மருந்தாளுநர் அவளைப் பார்த்துத் தெரிந்தவர் போலத் தலையசைத்ததே இவளுக்குப் பிடிக்கவில்லை.

கணவன் வெளியே சக்கர நாற்காலியில், கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தான். ஈரல் கெட்டிருக்கிறது, அது தேறாமல் அடுத்த கீமோவை ஏற்ற முடியாது என்று நேற்றே டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேற ஏதோ உள்ள போகுது. அவர் வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, கீழ பார்மஸி மேடம்கிட்ட காட்டுங்க" என்றும் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குப் போனவள் கட்டில் பக்கத்து அலமாரியை அப்படியே பையில் வழித்துப் போட்டாள். அப்போதுதான் பின்வரிசையில் இந்தப் பாட்டில் கையும் களவுமாகச் சிக்கியது.

"புல்லைத் தின்னா புற்றுநோய் போகும்னு போன்ல எவனாவது சொன்னாலும் நம்புவீங்க அண்ணி, எனக்குத் தெரியாதா? நான் எதை வாங்கினாலும் நெட்ல தேடி, ஆயிரம் பேர் நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்களான்னு பாத்துட்டுத்தான் அவர் வாயில வைக்கிறேன்."

நாத்தனார் வெளியே தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று.

"ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்தா ஆச்சா? கூடப் பொறந்தவங்களாச்சேன்னு வீட்டுக்குள்ள விட்டேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இன்னிக்கே பெட்டியைக் கட்டுங்க."

மருந்தாளுநர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இதை யாரு குடுக்கறது?"

"நான்தான்" என்றாள் நாத்தனார்.

"பாத்தீங்களா மேடம், எவ்வளவு கூசாம சொல்றாங்க."

"இது சுக்குப் பொடிம்மா. போன வாரம் இங்க கொண்டாந்து காட்டி, தம்பி வாந்தியெடுக்கறான், குடுக்கலாமான்னு கேட்டாங்க. நான்தான் அளவு சொல்லி அனுப்பினேன். ஈரலைக் கெடுத்தது இது இல்ல." மூடியைத் திருகி, பாட்டிலை நாத்தனார் பக்கம் நகர்த்தினார்.

இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விட மனமில்லை.

"அப்ப வேற எதையாவது ஒளிச்சுக் குடுத்திருப்பாங்க. பையைக் கொட்டிப் பாருங்க."

அவர் கொட்டினார். இருமல் மருந்து, பற்பசை, பிஸ்கட் பொட்டலம். கடைசியாகத் தங்க நிற எழுத்து மின்னும் ஒரு மாத்திரை டப்பா, பாதி காலியாக உருண்டு வந்தது. அதை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தார். மறுபடியும் ஒரு முறை வாசித்தார்.

"தேயிலைச் சத்தைச் சுண்ட வச்சு அடைச்ச மாத்திரை. டீயா குடிச்சா ஒண்ணுமில்ல. இந்த அளவுல போனா சிலருக்கு ஈரலையே அடிச்சிரும். டாக்டர்கிட்ட நான் பேசறேன், முதல்ல இதை நிறுத்தணும்."

நாத்தனார் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்தாளுநர் பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதை யாரு குடுக்கறது?"