கதவுக்கு வெளியே லோஷினி

மலேசியாவின் தங்காக் நகரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலில் ஞாயிறு மதியத்து மழை வழிகிறது. உலகம் அழிந்தபின் உயிர் பிழைக்கும் விளையாட்டை ஆடியபடி, லோகேஸ்வரன் ஹெட்செட்டில் நண்பனிடம் வாதாடுகிறான். "கேம் கொடூரம்தான் லா. ஆனா அதான் நியாயம். பாவம் பார்த்தா நாமதான் சாவோம்." அவனுக்குக் கலக்கிய சூடான மைலோ பானத்தோடு மனைவி லோஷினி பின்னால் வந்து நிற்கிறாள். திரையில், பூட்டிய குடிசைக்கு வெளியே பனியில் ஒரு பெண் நடுங்குகிறாள். அவள் தலைக்கு மேலே அவன் வைத்த பெயர் மினுங்குகிறது: லோஷினி. "என்னைய ஏன் வெளிய விட்டுட்டீங்க?" என்று பின்னாலிருந்து கேட்கிறாள் மனைவி. அவன் திரும்பவில்லை. "சாப்பாடு பத்தல லா. கேம் அப்படி." குடிசைக்குள் நெருப்பருகே ஒரு நாய் இறைச்சி தின்றுகொண்டிருக்கிறது. "நாய்க்கு மட்டும் பத்துதா?" "அது வேட்டைக்குப் போகும்," என்கிறான். மழைச் சத்தம் கூடுகிறது. நின்றபடியே லோஷினி அந்த மைலோவைக் குடிக்கத் தொடங்குகிறாள்.