ஒரு கை நீளமான பையன்

பிரவுசரில் விளையாட்டு செய்யப் பழகுகிறவர்களுக்காக அமுதவல்லி எழுதிய கோடிங் லைப்ரரியில், அதாவது எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நிரல் தொகுப்பில், படம் வரையத் தெரியாதவர்களுக்கென்று ஒரு பையன் படம் உண்டு. அவள் மகன் கபிலன் ஆறு வயதில் தன்னையே வரைந்து கொடுத்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கபிலனைப் புதைத்து எட்டு மாதமாகிறது. யார் யாரோ பிள்ளைகளின் திரைகளில் அவன் இன்னும் ஓடுகிறான், குதிக்கிறான், முள்ளில் விழுந்து சாகிறான், உடனே தொடங்கிய இடத்தில் வந்து நிற்கிறான்.

"மேம், பையன் தரையில நிக்காம கீழ போயிட்டே இருக்கான்" என்று வாரம் நாலு பேராவது கேட்பார்கள். தரையைக் கெட்டியாக்கும் வரியை எல்லோருமே மறப்பார்கள். அன்றன்றே பதில் போட்டுவிடுவாள்.

இன்று ஷர்மிளா என்றொரு மாணவி கேட்டிருந்தாள்: "மேம், அந்தப் பையன் செத்தாலும் மறுபடி மறுபடி வந்துடறான். ஒரே தடவையோட போயிடணும். என்ன பண்ணணும்?"

அதற்கும் ஒரு வரி போதும். அமுதவல்லியே உண்டாக்கி வைத்த வசதிதான்.

சாப்பிடக் கூப்பிட வந்த கணவன் அறவாழி, திரையைப் படித்தான்.

"நான் வேணா பதில் போட்டுடட்டுமா?"

"நீங்க சாப்பிடுங்க, வர்றேன்."

லைப்ரரியைத் திறந்து, அந்த வசதியைத் தேடி முழுவதுமாக அழித்தாள். புதிய பதிப்பாக வெளியிட்டாள். பிறகு ஷர்மிளாவுக்குத் தட்டினாள்: "அதுக்கு இதுல வழியில்லைம்மா. அவன் வந்துடுவான்."