மண்கும்பான் ஸில்மியா

பத்தாவது தடவையும் லைன் கிடைக்கவில்லை. வானொலியில் பெருநாள் வாழ்த்து நிகழ்ச்சி முடிய இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

ஸில்மியா கால் மாற்றிக் கால் நின்றபடி மறுபடியும் எண்களை அழுத்தினாள்.

“கொஞ்சம் மெல்ல அமத்தும் பிள்ளை, போன் தேயப் போகுது” என்றார் தொலைபேசிக் கடை அம்புறோஸ்.

அவருக்கென்ன, சிரிப்பார். அங்கே புத்தளம் முகாமில், போர்க்காலத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட முப்பது குடும்பங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. பதின்மூன்று வருடம் கழித்து முதலாவதாக ஊர் திரும்பியது இவளும் வாப்பாவும்தான். கூரையில்லாத வீட்டுக்குத் தறப்பாள் கட்டி, பெருநாளும் எடுத்தாயிற்று. வாப்பா எழுதிய கடிதங்களை அங்கே ஒருவரும் நம்பவில்லை. வானொலியில் வந்தால் நம்புவார்கள், மூட்டையும் கட்டுவார்கள்.

மண்கும்பானிலிருந்து பேசுகிறேன். அந்த ஒரு வசனத்தைச் சொன்னால் போதும் என்று வாப்பா கெஞ்சாத குறையாகக் கேட்டு அனுப்பியிருந்தார்.

இவளுக்கு அது பெரிய காரியமா? முகாமிலிருந்து வாரம் தவறாமல் அஞ்சலட்டை போட்டும் போனில் பேசியும், வானொலியில் ‘மண்கும்பான் ஸில்மியா’ என்று பெயர் வாங்கியவள். ஆறு வயதில் விட்டுவந்த ஊரைப் பெயரோடு கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று தோழிகள் நக்கலடிப்பார்கள். அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

லைன் கிடைத்தது.

அறிவிப்பாளர் குரலிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அட, மண்கும்பான் ஸில்மியாவா, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று உற்சாகமாகக் கேட்டார்.

“புத்தளம் முகாமில இருந்து.”

எத்தனை வருடப் பழக்கம். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. திருத்துவதற்குள் அவர் வாழ்த்துச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டார். முப்பது குடும்பத்துக்கும் அது கேட்டிருக்கும்.

நிகழ்ச்சி முடியும்வரை அழுத்தினாள். லைன் கிடைக்கவேயில்லை.

அழுகையும் ஆத்திரமுமாகச் சைக்கிளை மிதித்தாள். படலைக்கு வரும்போதே வீட்டு வானொலி பலமாகக் கேட்டது. சைக்கிளைச் சுவரில் சாத்திய சத்தத்தோடு அது நின்றது.

வாப்பா வட்டிலப்பக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

“பற்றரி முடிஞ்சு போச்சு மகள். நீ கதைச்சது ஒண்டும் கேக்கேல்லை.”

தனக்கு லைனே கிடைக்கவில்லை என்றாள் ஸில்மியா.